வீடில்லாத அணிக்கு வீடாக இருந்த ஊர்: பெனார்த்தில் ஆறு நாள்

முதல் நாள், வியாழன்

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில், சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் கால்மணி நேரத்துக்குள் பெனார்த் வந்துவிடுகிறது. கிரேஞ்ச்டவுன், டிங்கிள் ரோடு என்று இரண்டு நிறுத்தங்கள், அப்புறம் தண்டவாளமே முடிந்துவிடும். முன்பு இந்தப் பாதை லாவர்னாக், சல்லி என்று கடலோரமாகப் போயிருக்கிறது. 1968-இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள்.

தங்கையும் மருமகனும் நடைமேடையில் நின்றார்கள். அவனுக்குப் பதினொரு வயது. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது என் இடுப்பளவு இருந்தான், இப்போது தோளைத் தொடுகிறான். "மாமா, பெட்டிய வீட்ல வச்சிட்டு நேரா கிரவுண்டுக்குப் போயிடலாம், ஆறரைக்குப் பிராக்டீஸ்" என்றான். "மாமா இப்பத்தான்டா வந்திருக்காங்க, ஒரு வாய் சாப்பிடட்டும்" என்றாள் தங்கை. நான் அவன் பக்கம்தான். இவ்வளவு தூரம் வந்ததே அந்த ரக்பி மைதானத்தைப் பார்க்கத்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஊர்க் கபடிக் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம். பொங்கல் தொடர் ஆட்டத்துக்கு வெளியூர் அணிகள் வந்தால் பள்ளிக்கூடத்தில் படுக்கை, வீட்டுக்கு நான்கு பேர் என்று சாப்பாடு. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டுப் பங்கு நால்வருக்கும் மீன்குழம்பு வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவார்கள். மறுநாள் அதே நால்வர் எங்கள் பையன்களைத் தூக்கி வீசுவார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "நல்லா ஆடுனாங்களா, வயிறு நிறைஞ்ச ஆட்டம்ல" என்பார்கள்.

போன வருடம் மருமகன் போனில் சொன்னான்: "மாமா, சொந்த கிரவுண்டே இல்லாத ஒரு டீம் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு எங்க ஊருக்கு வருமாம். எண்பது வருஷத்துக்கு மேல வந்திருக்காங்க." அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வந்தால் ஈஸ்டருக்குத்தான் வருவது என்று.

மைதானம் லாவர்னாக் சாலையில் இருக்கிறது. அத்லெட்டிக் ஃபீல்டு என்று பெயர். பெரிய அரங்கம் எதுவும் இல்லை. ஈரப் புல், இரு முனையிலும் ஆங்கில எச் எழுத்து மாதிரி கம்பங்கள், ஓரத்தில் கிளப் கட்டடம். கடல் கண்ணில் படாவிட்டாலும் காற்று சொல்லிவிடுகிறது. ஏப்ரல் மாதக் காற்று காதை அறுத்தது. பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு சேற்றில் புரண்டார்கள்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. அதைக் கையால் முன்னால் போடக்கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் போடலாம். ஆக, காலால் உதைக்காமல் முன்னேற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிராளிகள் நடுவே ஓடித்தான் ஆகவேண்டும். அவர்கள் இடுப்பையும் காலையும் பிடித்துச் சாய்ப்பார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கினால் அது டிரை. நான் பார்த்தவுடனே பழகிய ஆட்டமாகத்தான் தோன்றியது. ரெய்டு போனவன் தொடைப்பிடியில் சிக்கிக்கொண்டு விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொடப் பார்ப்பானே, அந்தக் கடைசி அரை அடிதான் இங்கே எண்பது நிமிடமும் நடக்கிறது.

பயிற்சி கொடுத்தவர்கள் எல்லாரும் பெற்றோர்கள். ஒருவர் தச்சர், ஒருவர் பள்ளி ஆசிரியை என்று மருமகன் சொன்னான். யாருக்கும் ஒரு காசு கிடையாது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் மூலைக் கொடிகளைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். நான் எழுந்து போய்க் கை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் விருந்தாளி, உட்காருங்கள்" என்று சொல்லி, உள்ளே போய் எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்தார். பால் ஊற்றி, சர்க்கரை இல்லாமல். அந்தக் குளிருக்கு அது அமிர்தம்.

இரண்டாம் நாள், புனித வெள்ளி

எங்கள் ஊரில் இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை கோயிலில் ஏழு வார்த்தை தியானம். ரேடியோகூடப் பாடாது. அப்படி வளர்ந்தவனுக்கு, புனித வெள்ளியன்று ஒரு ஊரே திரண்டு ஆட்டம் பார்த்தது என்பதை மனசில் வாங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இங்கே ஞாயிறுதான் கண்டிப்பான நாளாக இருந்திருக்கிறது. வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடவேண்டும் என்று 1881-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வெள்ளி விடுமுறை, சனி அரைநாள், ஞாயிறு ஆட்டம் இல்லை, திங்கள் மறுபடி விடுமுறை. அந்த வாரக் கடைசியின் அமைப்புதான் இந்தக் கதைக்கே அஸ்திவாரம்.

காலையில் செயின்ட் அகஸ்டின் கோயிலுக்குப் போனோம். 1866-இல் கட்டியது, பெனார்த் ஹெட் என்கிற மேட்டின் உச்சியில் நிற்கிறது. வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர் ஜோசப் பாரியின் கல்லறை இங்கேதான். வெளியே வந்து நின்றால் ஒருபுறம் கார்டிஃப் விரிகுடா, மறுபுறம் பிரிஸ்டல் கால்வாய். தண்ணீர் எங்கள் ஊர் அய்யனார் கோயில் குளம் மாதிரி செம்பழுப்பு. ஏற்றவற்றம் 12 மீட்டருக்கும் மேல் போகும் என்று மாப்பிள்ளை சொன்னார். வங்கக் கடலில் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம்பமுடியவில்லை. மத்தியானம் வந்து பார்த்தபோது கடல் எங்கேயோ போய்விட்டிருந்தது, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

கீழே இப்போது உல்லாசப் படகுகள் நிற்கும் இடத்தில்தான் பழைய பெனார்த் துறை. 1865-இல் திறந்தார்கள். ரோண்டா பள்ளத்தாக்கு நிலக்கரி டாஃப் வேல் ரயில்வேயில் வந்து இங்கே கப்பல் ஏறியது. 1913-இல் மட்டும் 40 லட்சம் டன்னுக்கு மேல் போயிருக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கரித்தூசி. இந்தப் பக்கம் 1895-இல் திறந்த கடல்பாலம், பூங்கா, கடற்கரைச் சாலை, காற்று வாங்க வரும் பணக்காரக் குடும்பங்கள். ஒரே ஊருக்கு இரண்டு முகம்.

1880 வாக்கில் தொடங்கிய பெனார்த் கிளப் இந்த இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே சட்டைக்குள் கொண்டுவந்தது. அதன் முதல் பெரிய ஆட்டக்காரர்களில் டிக்கி காரெட் என்பவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நிலக்கரி வண்டிகளைக் கப்பலுக்குள் கவிழ்க்கும் துறைமுகத் தொழிலாளி. 1888 முதல் 1892 வரை வேல்ஸ் நாட்டுக்கே ஆடியிருக்கிறார். ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. மற்ற நாட்களில் அதே கரி வண்டி, அதே மண்வெட்டி. 1908-இல் வேலையின்போது ஒரு கரி வண்டி நசுக்கி இறந்துபோனார். நாட்டுக்கு ஆடியவர், கடைசிவரை துறையில்தான் உழைத்திருக்கிறார்.

இனி விருந்தாளிகள் கதை. 1890 ஏப்ரலில், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊரில், ஒரு உணவகத்தில் நள்ளிரவு தாண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சில ஆட்டக்காரர்களிடம் பெர்சி கார்ப்மேல் என்பவர் ஒரு யோசனை சொன்னார். நல்ல ஆட்டக்காரர்களைப் பல கிளப்புகளிலிருந்தும் கூப்பிட்டு ஓர் அணி சேர்க்கலாம், ஊர் ஊராகப் போய் ஆடலாம். அதுதான் பார்பேரியன்ஸ். அந்த அணிக்கு மைதானம் இல்லை, கட்டடம் இல்லை, சந்தாவும் இல்லை. அழைப்பு வந்தால்தான் சேரமுடியும். அழைப்பதற்கு இரண்டே தகுதி: நன்றாக ஆடவேண்டும், மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நல்லபடியாக நடந்துகொள்ளவேண்டும். சட்டை எல்லாருக்கும் கறுப்பு வெள்ளை வளையம். காலுறை மட்டும் அவரவர் சொந்தக் கிளப்புடையது. இந்தக் காலுறை விஷயத்தை மருமகன் சொன்னபோதே எனக்குச் சிலிர்த்தது. பதினைந்து பேர் ஒரே சட்டையில் வரிசையாக நிற்கும்போது, குனிந்து காலைப் பார்த்தால் பதினைந்து ஊர் தெரியும்.

1901 ஈஸ்டரில் அவர்கள் பெனார்த்துக்கு வந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு புனித வெள்ளியும் வந்தார்கள். இரண்டு உலகப் போர்க் காலத்தைக் கழித்துவிட்டு எண்ணினால் 1914 வரை 14 ஆட்டம், 1920 முதல் 1939 வரை 20, 1946 முதல் 1986 வரை 41. ஆக மொத்தம் 75. கணக்கு நோட்டு வைத்துப் பழகியவன் என்பதால் விரல்விட்டு மூன்று தடவை சரிபார்த்தேன்.

சுற்றுப்பயணத்துக்கு ஒரு வழக்கமான வரிசை இருந்தது. வெள்ளி பெனார்த், சனி கார்டிஃப், திங்கள் ஸ்வான்சி, செவ்வாய் நியூபோர்ட். நான்கு நாளும் தங்கியது பெனார்த்தில்தான், கடற்கரைச் சாலையில் இருந்த எஸ்பிளனேடு ஹோட்டலில். 1887-இல் கட்டிய பெரிய ஹோட்டல். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் ராத்திரிக்கு இங்கே திரும்பி வந்துவிடுவார்கள். வீடில்லாத அணி என்றாலும், வருடத்தில் ஒரு வாரம் அதற்கு ஒரு வீடு இருந்தது.

சாயங்காலம் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். ஹோட்டல் 1977-இல் எரிந்துபோய்விட்டது. இப்போது அடுக்குமாடி வீடுகள். எதிரே கடல்பாலம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதுவும் 1931-இல் தீப்பிடித்து, 1947-இல் கப்பல் மோதி, ஒவ்வொரு தடவையும் ஊரார் மீட்டெடுத்தது. அதன் நுனியில் நின்று ஃபிளாட் ஹோல்ம் தீவின் கலங்கரை விளக்கம் சுழல்வதைப் பார்த்தோம். மூன்று மணிக்குப் பிறகு எங்கள் ஊரில் குடிக்கும் கஞ்சியைத் தங்கை மறக்காமல் ஃபிளாஸ்கில் கொண்டுவந்திருந்தாள்.

மூன்றாம் நாள், சனி

பழைய சுற்றுப்பயண வரிசையிலேயே நானும் போவது என்று தீர்மானித்திருந்தேன். ஆக, இன்று கார்டிஃப். ரயில் வேண்டாம் என்று விரிகுடா அணைக்கட்டு மேல் நடந்தோம், மாப்பிள்ளையும் நானும். கடலை ஒருபக்கமும் நன்னீரை ஒருபக்கமும் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடை.

கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் நகரத்தின் நட்டநடுவில், டாஃப் நதிக்கரையில் இருக்கிறது. ஒட்டியே 1999-இல் திறந்த பெரிய தேசிய அரங்கம். 1948-இல் ஆஸ்திரேலிய அணி சுற்றுப்பயணம் முடிந்து ஊர் திரும்பும் செலவுக்குப் பணம் சேர்க்க, இந்த ஆர்ம்ஸ் பார்க்கில் பார்பேரியன்ஸ் அவர்களோடு ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதிலிருந்துதான் வெளிநாட்டு அணிகள் கடைசியாகப் பார்பேரியன்ஸுடன் ஆடிவிட்டுக் கிளம்பும் வழக்கம் வந்தது. 1973 ஜனவரி 27 அன்று இதே இடத்தில் நியூசிலாந்தை 23-11 என்று வென்ற ஆட்டத்தை இன்னும் பேசுகிறார்கள். ஆரம்பத்திலேயே சொந்தக் கோட்டருகே பில் பென்னட் பந்தை எடுத்து ஒவ்வொருவராக ஏய்த்து வெளியே வந்தது, கை மாறிக் கை மாறிக் கடைசியில் காரெத் எட்வர்ட்ஸ் மூலையில் பாய்ந்தது. மாப்பிள்ளை போனில் போட்டுக் காட்டினார். ஒரே மூச்சில் நடந்து முடிகிற அந்த ஓட்டத்தை நாங்கள் நதிக்கரைச் சுவரில் உட்கார்ந்து ஆறு தடவை பார்த்தோம்.

"மச்சான், இந்த டீம் நம்ம ஊர்ல நடு ராத்திரி இலை போட்டுச் சாப்பிடுற எடத்துல பேச்சுவாக்குல உருவான மாதிரில்ல இருக்கு" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு ரக்பியில் இந்தியாவின் பங்கும் தெரிந்திருந்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடிப்பெறும் கல்கத்தா கோப்பை நம் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. 1870-களில் கல்கத்தாவில் இருந்த கிளப்பில் ஆள் குறைந்துபோக, 1878-இல் வங்கியில் மீதியிருந்த 270 ரூபாயை உருக்கிக் கோப்பையாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று பிடிகளும் நாகப் பாம்புகள், மூடியின் மேல் யானை. அழகான கோப்பைதான். ஆனால் அது ஒரு கிளப்பின் அஸ்தி. அந்தக் கிளப் கலைந்த காலத்தில் பெனார்த் கிளப் முளைக்கிறது. கோப்பை எதுவும் இல்லாமல் இன்றுவரை பிள்ளைகளைச் சேற்றில் புரளவிட்டுக்கொண்டிருக்கிறது.

நான்காம் நாள், ஈஸ்டர் ஞாயிறு

ஆராதனை முடிந்து, தங்கை வைத்த கோழிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, மருமகனும் நானும் தெற்கே கடலோரப் பாதையில் நடந்தோம். பார்பேரியன்ஸுக்கும் இது ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெனார்த்தின் கிளமார்கன்ஷயர் கோல்ஃப் கிளப்பில் கோல்ஃப் ஆடுவது வழக்கம். அந்தப் புல்வெளியைச் சாலையிலிருந்து பார்த்தோம். கோல்ஃபில் உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்டேபிள்ஃபோர்டு மதிப்பெண் முறையை அதை உருவாக்கிய மருத்துவர் 1898-இல் முதன்முதலில் பரிசோதித்தது இங்கேதானாம்.

பாதை லாவர்னாக் முனை வரை போகிறது. செம்மண்ணும் இடையிடையே இளஞ்சிவப்பு வெண்கல்லுமாகப் பாறை, விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. 1897 மே மாதம் மார்க்கோனி ஃபிளாட் ஹோல்ம் தீவிலிருந்து இந்த முனைக்குத்தான் கடலைத் தாண்டிய முதல் கம்பியில்லாச் செய்தியை அனுப்பினார். மருமகன் வாயைக் குவித்துத் தீவைப் பார்த்து "ஹலோ" என்று கத்தினான்.

திரும்பும் வழியில் மைதானத்தருகே அந்தப் பெரியவரைப் பார்த்தோம். நாயோடு நடந்துகொண்டிருந்தார். ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கம்பி வேலியில் சாய்ந்து நின்றோம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

சின்ன வயதில் அவர் எஸ்பிளனேடு ஹோட்டல் வாசலில் கையெழுத்து வாங்கக் காத்திருப்பாராம். தேசத்துக்கு ஆடியவர்கள், பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் ஒட்டி வைத்திருந்தவர்கள், கையில் பெட்டியோடு படியேறிப் போவார்களாம். சட்டைப்பையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொண்டு தூங்கிப் போனதாகச் சொன்னார். வெள்ளி மதியம் கார்டிஃபிலிருந்து வரும் ரயில் பிதுங்கும். ஊரில் எல்லாரும் மைதானத்தில்தான். அப்புறம் பெரியவனாகி இவரே ஆடினார். பார்பேரியன்ஸுக்கு எதிராக ஆடினீர்களா என்று கேட்டேன். ஒரு தடவை என்றார். எத்தனை புள்ளியில் தோற்றீர்கள் என்று மருமகன் பட்டென்று கேட்டுவிட்டான். பெரியவர் கோபிக்கவில்லை. "நிறைய. ஆனால் இரண்டாம் பாதியில் நான் ஒருவரைப் பிடித்துச் சாய்த்தேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். இந்தத் தோளைத்தான்" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

பெரும்பாலும் தோற்றது பெனார்த்தான். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கூட்டிவரும் அணியிடம் ஒரு சின்னக் கடற்கரை ஊர் தோற்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் இங்கேயிருந்தும் பெரியவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஜாக் பாசெட் என்கிற போலீஸ்காரர் பெனார்த் ஆட்டக்காரர். 1930-இல் பிரிட்டிஷ் அணியோடு நியூசிலாந்து போனார். 1931-இல் அவர் தலைமையில் வேல்ஸ் பட்டம் வென்றது. அடுத்த வருடம் கார்டிஃபில் அயர்லாந்திடம் 12-10 என்று தோற்ற ஆட்டம்தான் வேல்ஸுக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம். பெரியவரின் அப்பா அவரை மைதானத்தில் பார்த்திருக்கிறாராம்.

பார்பேரியன்ஸைப் பற்றிப் பேசும்போது அவர் ஒருவர் பெயரை மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். க்ளின் ஹியூஸ். 1955 முதல் 1973 வரை அந்த அணியின் தலைவர். ராணுவ மருத்துவர். 1945 ஏப்ரலில் நாஜிகளின் பெல்சன் வதைமுகாமுக்குள் நேச நாட்டு மருத்துவர்களில் முதலில் நுழைந்து, சாகக் கிடந்த ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றும் பணியை நடத்தியவர். அதையெல்லாம் பார்த்த மனிதர் அடுத்த ஈஸ்டரில் இருந்து மறுபடி பெனார்த் ஆட்டம் நடந்ததைப் பார்த்திருப்பாரே, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புல் காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தது.

ஏன் நின்றுபோனது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கடைசி வருடங்களில் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது என்றார். துறை 1936-லேயே மூடிவிட்டது. பக்கத்திலேயே கார்டிஃப் என்கிற பெரிய கிளப். நன்றாக ஆடும் பையன் அங்கே போகத்தான் பார்ப்பான். 1986-க்குப் பிறகு விருந்தாளிகள் வரவில்லை. 1995-இல் ரக்பியில் சம்பளம் கொடுக்கலாம் என்று உலக அமைப்பு அறிவித்த பிறகு மற்ற ஊர்களின் ஈஸ்டர் ஆட்டங்களும் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்டக்காரர் வேலைக்காரராகிவிட்டால் விடுமுறைக்கு விருந்து போக முடியாதல்லவா.

"வருத்தமா?" என்றேன். வருத்தம்தான் என்றார். எண்பத்தைந்து வருடம் ஒரு வீட்டுக்கு வந்து போனவர்கள் நின்றுவிட்டால் வருத்தமில்லாமல் எப்படி இருக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா போன பிறகு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பங்கு நால்வரை நாங்கள் ஹோட்டல் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஏழு வருடமாகிறது. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாயின் தலையைத் தடவினார்.

ஐந்தாம் நாள், திங்கள்

ஸ்வான்சி. கார்டிஃபிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலைதான். 1935-இல் ஸ்வான்சி அணி நியூசிலாந்தை 11-3 என்று தோற்கடித்தது இங்கே. அன்று ஹாஃப்-பேக் இடங்களில் ஆடிய ஹேடன் டேனரும் வில்லி டேவிஸும் பள்ளிக்கூடப் பையன்கள். நம் ஆட்களுக்கு இந்த இடம் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும்: 1968-இல் கார்ஃபீல்டு சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த மைதானம் இதுதான். மருமகன் ரக்பிக் கம்பம் பக்கமும் நான் சோபர்ஸ் பக்கமுமாகப் பிரிந்து நின்று பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி ரயிலிலேயே சாப்பிட்டுத் திரும்பினோம்.

ஆறாம் நாள், செவ்வாய்

நியூபோர்ட் கார்டிஃபிலிருந்து கால்மணி நேரம். ராட்னி பரேடு அஸ்க் நதியின் கரையில். 1963-இல் நியூபோர்ட் ஒரே ஒரு டிராப் கோலில் (பந்தைத் தரையில் விட்டு, எழும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) நியூசிலாந்தை 3-0 என்று வென்றது. அந்தச் சுற்றுப்பயணம் முழுவதிலும் நியூசிலாந்து தோற்ற ஒரே ஆட்டம் அது.

நான் இங்கே வந்தது ஆர்தர் கோல்டு என்பவருக்காக. நியூபோர்ட்காரர், வேல்ஸின் தலைவர், டிக்கி காரெட்டோடு ஒரே அணியில் ஆடியவர். அவர் ஓய்வு பெறும் நேரத்தில், 1890-களின் பிற்பகுதியில், ஊர் மக்கள் அன்பில் சில்லறை சில்லறையாகப் பணம் சேர்த்து அவருக்கு ஒரு வீடு பரிசளித்தார்கள். சம்பளம் வாங்காத ஆட்டக்காரருக்கு வீடு கொடுப்பதா என்று பெரிய தகராறு. வேல்ஸ் கொஞ்ச காலம் சர்வதேச அமைப்பிலிருந்தே விலகி நின்றது. அதற்குச் சற்று முன், 1895-இல், வட இங்கிலாந்தில் கூலி இழப்பை ஈடுகட்டக் கேட்ட கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்தன. அதிலிருந்து வந்ததுதான் ரக்பி லீக். சனிக்கிழமை ஆடப்போனால் கூலி போகும் சுரங்கத் தொழிலாளிக்குக் காசில்லா ஆட்டம் என்பது லேசான பேச்சல்ல. இதை நான் மறைத்துவிட்டுப் பழைய நாளைப் புகழ விரும்பவில்லை. காரெட்டின் வீட்டில் யாராவது ஒரு நாள் சோற்றுக்குத் தவித்திருக்கலாம். கூலி கேட்டவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். அதே சமயம், யாரும் கேட்காமல் யாரும் கொடுக்காமல் நடக்கிற ஒன்று ஊருக்கு ஊர் இருக்கவேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே நெஞ்சில் கிடக்கின்றன.

நாலரை மணிக்கெல்லாம் பெனார்த் திரும்பிவிட்டேன். நாளை காலை விமானம். சாயங்காலம் பிள்ளைகள் சிலர் சும்மா ஆடக் கூடுகிறார்கள் என்று மருமகன் இழுத்துக்கொண்டு போனான். ஊரிலிருந்து அவனுக்காக எங்கள் குழுவின் மஞ்சள் பனியனைக் கொண்டுவந்திருந்தேன். கொஞ்சம் பெரியது, முழங்கால் வரை தொங்கியது. கம்பளிச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஒரு மணி நேரம் வேலியோரம் நின்று பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில் பெரியவர் வந்தார். தலையை ஆட்டினார், தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மைதானத்தின் தூர மூலைக்குப் போய் இரண்டு கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவர், நடந்துகொண்டே அவற்றை என் கையில் திணித்துவிட்டு, எதிர்ப்பக்கத்து மூலைகளைக் காட்டினார்.

"அந்த ரெண்டும். அப்புறம் கொட்டகைச் சாவி உள்ளே ஆணியில் தொங்கும்."

நான் போனேன். கொடிக்கம்பு ஈர மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தது, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.